போர்ட்டைத் திறந்தாச்சு, ஆனால் ஒருத்தரும் உள்ளே வரேல்லை



எங்கள் இன்பொக்ஸுக்கு அதிகம் வருகிற கேள்வி ஏஐ பற்றியதும் இல்லை, புது ஃபோன் பற்றியதும் இல்லை. "அண்ணா, ரவுட்டரில போர்ட் ஃபோர்வேர்ட் பண்ணிட்டன், ஆனா வெளியால இருந்து வேலை செய்யுதில்லை." இதுதான். மைன்கிராஃப்ட் சேர்வர் வைக்கிற தம்பியும் இதைத்தான் கேட்கிறான், வீட்டுக் கமராவை வேலை இடத்தில் இருந்து பார்க்க நினைக்கிற அக்காவும் இதைத்தான் கேட்கிறா. எபிசோட்டில் பத்து நிமிடத்துக்குள் சுருக்கிச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைப் பக்கத்து டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லம்.

ஸ்காபரோவில் இருக்கிற ஒரு தங்கச்சியின் கதையைத்தான் உதாரணமாக எடுக்கிறேன். எழுதச் சொல்லி அவவே அனுமதி தந்தவ. வீட்டுக்காரரின் விவரங்களை மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் அவவின் அப்பம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து ரொறன்ரோவுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட் அனுப்பியிருக்கிறா. உங்கள் வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஃபோன் இல்லை, கரண்ட் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். யாராவது கொழும்புக்குப் போனால் அவர்களின் கையில் கசெட்டைக் கொடுத்துவிடுவார்கள். அங்கிருந்து அது கனடாவுக்குப் பறக்கும். அப்படி வந்த 27 கசெட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. தங்கச்சி ஒரு பழைய பிளேயர் வாங்கி எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கிவிட்டா. பாரிஸில் இருக்கிற மாமி, ஒஸ்லோவில் இருக்கிற சித்தப்பா, ஊரிலேயே இருக்கிற 81 வயதுப் பெரியப்பா, மூன்று பேருக்கும் தங்கள் அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும்.

கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்பினால் ஐந்து நிமிட வேலை. நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். ஆனால் அந்தக் கசெட்டுகளில் சமையலும் மழையும் மட்டும் இல்லை. யார் எங்கே போனார்கள், யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், யார் திரும்பி வரவில்லை, யாருக்கு யார் காசு கொடுத்தார்கள், எல்லாம் பெயரோடு இருக்கிறது. பெயர் சொல்லப்பட்ட சிலர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். அப்பா ஒரே ஒரு வரிதான் சொன்னாராம்: "உதை ஒரு கொம்பனியின்ர கொம்பியூட்டரிலயும் போடவேண்டாம் பிள்ளை." எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஆகவே, ஒஃபிஸில் கழித்துவிட்ட ஒரு மினி பிசி, அதில் விண்டோஸ், அதற்கு மேல் ஜெலிஃபின். ஜெலிஃபின் வழக்கமாக 8096 என்ற போர்ட்டில் இருக்கும். அதைத் திறந்துவிட ரவுட்டரில் ஒரு ரூலும் போட்டா. வீட்டுக்குள் அருமையாக வேலை செய்தது. பாரிஸில் மாமியின் ஃபோனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

இந்த ரூல் உண்மையில் என்ன செய்கிறது? அப்பார்ட்மென்ட் பில்டிங்கை யோசித்துப் பாருங்கள். வெளியே ஒரே ஒரு வீதி இலக்கம்தான். உள்ளே இருநூறு வீடு. பீட்சா கொண்டு வருகிறவருக்கு வீதி இலக்கம் மட்டும் தெரிந்தால் லொபியில்தான் நிற்பார். பஸ்ஸர் கோட் தெரிந்தால்தான் சரியான வீட்டுக்கு மணி அடிக்கும். உங்கள் ரவுட்டர்தான் அந்த லொபி. வெளியுலகம் பார்க்கிற ஐபி முகவரி வீதி இலக்கம். 8096 பஸ்ஸர் கோட். "8096 என்று கேட்டு வருகிறவரை 192.168.68.57 வீட்டுக்கு அனுப்பு" என்று லொபியில் ஒட்டி வைக்கிற துண்டுதான் போர்ட் ஃபோர்வேர்டிங் ரூல்.

நீங்கள் வெளியே போய் யூடியூப் பார்ப்பதற்கு இந்தத் துண்டு தேவையில்லை. நீங்கள் தொடங்கிய கதைக்கு வருகிற பதிலை ரவுட்டர் நினைவில் வைத்திருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் தானாக வந்து கதவைத் தட்டும்போதுதான் அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் போகிறது.

இவ்வளவு சுற்று எதற்கு என்று கேட்டால், முகவரி காணாது. ஐபிவி4 முகவரி 32 பிட். மொத்தமாகப் பார்த்தாலும் சுமார் 430 கோடிதான். அது முடியப்போகிறது என்று தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு வெளி முகவரிக்குப் பின்னால் பல கருவிகளை மறைக்கிற நாட் என்ற தந்திரத்தை 1994 இல் எழுதி வைத்தார்கள். தற்காலிக ஒட்டுப்போடுகை என்றுதான் அப்போது நினைத்தார்கள். 1996 இல் 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை ஆகிய வரிசைகளை "வீட்டுக்குள் மட்டும்" என்று ஒதுக்கினார்கள். 2011 பெப்ரவரியில் உலக இருப்பு முடிந்தது. வட அமெரிக்காவின் கையிருப்பு 2015 செப்டெம்பரில், ஐரோப்பாவினது 2019 நவம்பரில். தற்காலிக ஒட்டு முப்பது வருடம் தாண்டியும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

எல்லோரும் செய்கிற முதல் வேலை ரவுட்டர் ரூலை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது. பிறகு ரீஸ்டார்ட். பிறகு இன்னொரு தரம். இப்படி ஒரு சனிக்கிழமை போய்விடும். நான் மறுபக்கத்தில் இருந்துதான் தொடங்குவேன். சேர்வர் ஓடுகிற மெஷினிலேயே பிரவுசரைத் திறந்து 127.0.0.1 போட்டு, 8096 போர்ட்டைத் தட்டிப் பாருங்கள். அங்கேயே வரவில்லை என்றால் ரவுட்டர் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வந்தால், அதே வீட்டு வைஃபையில் இருக்கிற ஃபோனில் 192.168 என்று தொடங்குகிற முகவரியைப் போட்டுப் பாருங்கள். மெஷினில் வருகிறது, ஃபோனில் வரவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. மென்பொருள் 127.0.0.1 இல் மட்டும் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கும், அதாவது தனக்குத் தானே மட்டும் கதைக்கும். அதை 0.0.0.0 என்று மாற்றினால் எல்லோருக்கும் காது கொடுக்கும். அது இல்லாவிட்டால் அந்த மெஷினின் ஃபயர்வோல்.

தங்கச்சி வீட்டில் இரண்டும் சரி.

அடுத்தது, வெளியே இருந்து சோதிப்பது. இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வீட்டின் வெளி ஐபியைப் போட்டுப் பார்த்துவிட்டு "வேலை செய்யேல்லை" என்று முடிவு கட்டுவார்கள். உள்ளே இருந்து வெளி முகவரிக்குப் போய், வாசலிலேயே திரும்பி உள்ளே வருவதை எல்லா ரவுட்டரும் செய்யாது. ஹெயார்பின் என்பார்கள், கொண்டை ஊசி வளைவு. சில ரவுட்டர்கள் அந்த வளைவை எடுக்கும், சில எடுக்காது. எடுக்காத ரவுட்டராக இருந்தால், வெளியில் உலகம் முழுக்க வேலை செய்தாலும் உங்களுக்கு மட்டும் வேலை செய்யாது. ஆகவே ஃபோனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். வேறொன்றும் வேண்டாம்.

அப்போது என்ன பிழைச்செய்தி வருகிறது என்பதை ஆறுதலாகக் கவனியுங்கள். இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் ஒருவரும் கவனிப்பதில்லை. உடனே, ஒரு செக்கனுக்குள், "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று வந்தால் நல்ல செய்தி. யாரோ ஒருவர் கதவுக்கு வந்து "இங்கே அப்படி ஒருவரும் இல்லை" என்று சொல்லியிருக்கிறார். அதாவது உங்கள் பக்கெட் ஏதோ ஒரு மெஷின் வரை போயிருக்கிறது, அங்கே அந்த போர்ட்டில் ஒன்றும் ஓடவில்லை. பெரும்பாலும் சேர்வர் மென்பொருள் நின்றிருக்கும், அல்லது ரூலில் போர்ட் இலக்கம் மாறியிருக்கும். அப்படி இல்லாமல் அரை நிமிடம் சுற்றிவிட்டு "நேரம் கடந்துவிட்டது" என்று வந்தால், தட்டியது யாருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள். நாட், ஃபயர்வோல், இன்டர்நெட் கம்பெனி, மூன்றில் ஏதோ ஒன்று பக்கெட்டைச் சத்தமில்லாமல் குப்பையில் போட்டிருக்கிறது.

மாமிக்கு வந்தது இரண்டாவது வகை.

இனி ஊகிக்கத் தேவையில்லை, பார்த்துவிடலாம். சேர்வர் மெஷினில் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, டிசிபி போர்ட் 8096 க்கு வருவதை மட்டும் காட்டு என்று ஃபில்டர் வைக்கச் சொன்னேன். லினக்ஸ் என்றால் டிசிபிடம்ப். பிறகு மொபைல் டேட்டாவில் இருந்து ஒரு தரம் தட்டுவது. திரையில் ஒரு வரி வந்தால் ரவுட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது, குற்றவாளி இந்த மெஷினுக்குள் இருக்கிறார். ஒன்றும் வரவில்லை என்றால் குற்றவாளி வழியில் எங்கேயோ. ஒரே சோதனையில் பிரச்சினை இரண்டாகப் பிளந்துவிடும். இருபது ஃபோரம் பதிவுகளை வாசிப்பதைவிட இது கெதி.

திரை வெறுமையாகவே இருந்தது. ஒரு வரி கூட இல்லை.

"இப்ப ரவுட்டருக்குள்ள போய் வான் ஐபி எண்டு ஒண்டு இருக்கும், அதை வாசியுங்கோ" என்றேன். வான் என்றால் ஆகாயம் இல்லை, வெளி நெட்வொர்க் பக்கத்து முகவரி.

"192.168.0.14 அண்ணா."

விடை அங்கேயே வந்துவிட்டது. வெளியுலகத்தைப் பார்க்க வேண்டிய முகவரி, "வீட்டுக்குள் மட்டும்" என்ற வரிசையில் இருக்கிறது. "என் ஐபி என்ன" என்று பிரவுசரில் தேடினால் வருகிற இலக்கமும் ரவுட்டர் சொல்கிற வான் ஐபியும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் நடுவில் இன்னொரு லொபி இருக்கிறது.

அவர்கள் வீட்டில் இருந்தது இதுதான். இன்டர்நெட் கம்பெனி தந்த பெட்டி மோடமும் ரவுட்டருமாக இரண்டு வேலையும் செய்கிறது. மேல் மாடியில் வைஃபை எடுக்கவில்லை என்று அப்பா ஒரு மெஷ் வைஃபை செட் வாங்கி அதன் பின்னால் பூட்டியிருக்கிறார். அந்த மெஷ்ஷும் தன்னை ஒரு ரவுட்டர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. தங்கச்சி ரூல் போட்டது மெஷ்ஷில். வெளியில் இருந்து வருகிறவர் முதலில் சந்திப்பது கம்பெனிப் பெட்டியை. அதற்கு 8096 பற்றி ஒன்றும் தெரியாது. இரட்டை நாட் என்பது இது. நம்மட ஆட்களின் வீடுகளில் நான் அதிகம் காண்கிற சிக்கல். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு இன்னும் மோசம், முதல் லொபி வீட்டுச் சொந்தக்காரரின் மாடியில் இருக்கும்.

தீர்க்க மூன்று வழி. கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டால் அது வெறும் மோடம் ஆகிவிடும், மெஷ் மட்டும் ரவுட்டர். அல்லது மெஷ்ஷை அக்செஸ் பொயின்ட் மோடில் போட்டால் அது வெறும் வைஃபை ஆகிவிடும், கம்பெனிப் பெட்டி மட்டும் ரவுட்டர். இரண்டும் முடியாவிட்டால் இரண்டு இடத்திலும் ரூல் போடலாம். அது வேலை செய்யும், ஆனால் ஆறு மாதம் கழித்து ஒன்று உடைந்தால் எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே நினைவிருக்காது. தங்கச்சி வீட்டில் டிவி பெட்டியும் கம்பெனிப் பெட்டியை நம்பித்தான் இருக்கிறது, அதனால் இரண்டாவது வழியை எடுத்தோம். அப்பாவின் நாடகம் நிண்டுபோனால் இந்தத் திட்டமே நிண்டுபோகும்.

மோடை மாற்றினால் வீட்டில் எல்லாக் கருவிக்கும் முகவரி மாறும். மெஷ் கொடுத்த 192.168.68 போய், கம்பெனிப் பெட்டி கொடுக்கிற 192.168.0 வரும். சேர்வருக்கு 192.168.0.50 என்று ஒரு முகவரியை ஒதுக்கி வைத்தோம். டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்று ரவுட்டரில் ஒரு பகுதி இருக்கும். இதைச் செய்யாமல் விட்டால் ரூல் இரண்டு கிழமை வேலை செய்யும், பிறகு கரண்ட் போய் வந்த ஒரு நாளில் சேர்வர் .53 க்குக் குடிபோயிருக்கும், ரூல் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். "முந்தி வேலை செய்தது அண்ணா, நான் ஒண்டுமே மாத்தேல்லை" என்று வருகிற மெயில்களில் பெரும்பாலானவை இதுதான். ரூல் போடும்போது டிசிபியா யுடிபியா என்பதையும் பாருங்கள். ஜெலிஃபினுக்கும் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் 25565 க்கும் டிசிபி. வயர்காட் என்ற விபிஎன்னின் 51820 க்கு யுடிபி.

புது ரூலோடு திரும்ப மொபைல் டேட்டாவில் தட்டினோம். அதே வட்டம், அதே டைம்அவுட். ஆனால் இந்த முறை வயர்ஷார்க்கில் வரிகள் ஓடின. வருகிறது, வருகிறது, திரும்ப வருகிறது. பதில் மட்டும் போகவில்லை. வீட்டு வைஃபையில் இருந்தும் இப்போது திறக்கவில்லை, அது மோட் மாற்றுவதற்கு முதல் திறந்த ஒன்று. லொபிக்காரர் சரியாக அனுப்புகிறார், வீட்டுக்காரர்தான் கதவைத் திறக்கவில்லை.

என்ன நடந்ததென்றால், ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் இதை ஒரு புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டது. புது நெட்வொர்க்கை அது "பப்ளிக்" என்றுதான் குறித்து வைக்கும், டிம் ஹோர்ட்டன்ஸில் உட்கார்ந்து வைஃபை எடுக்கிற மாதிரி. ஜெலிஃபினுக்கான ஃபயர்வோல் அனுமதி "பிரைவேட்" நெட்வொர்க்குக்கு மட்டும்தான் இருந்தது. நெட்வொர்க் செட்டிங்ஸில் பிரைவேட் என்று மாற்றினதும் சரி. இதற்காக ஃபயர்வோலையே முழுக்க அணைக்கச் சொல்லி ஆலோசனை தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நிமிடம் சோதித்துப் பார்க்க அணைக்கலாம். அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போகக் கூடாது.

பாரிஸில் அப்போது இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது. மாமி முழித்திருந்து முதல் கசெட்டைக் கேட்டா. அரை மணித்தியாலத்துக்கு ஒரு மெசேஜும் வரவில்லை. பிறகு, "பின்னால கேக்கிற சேவல் எங்கட சேவல்தான்" என்று ஒரு வரி வந்ததாம்.

தங்கச்சிக்கு இரட்டை நாட். அதை வீட்டுக்குள்ளேயே தீர்க்கலாம். வான் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் கதை வேறு. 2012 இல் இந்த வரிசையைக் கம்பெனிகளுக்கென்றே ஒதுக்கினார்கள். உங்கள் கம்பெனியே பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறது. சிஜி-நாட் என்று பெயர். இரண்டாவது லொபி கம்பெனியின் கட்டடத்துக்குள் இருக்கிறது, அங்கே போய் நீங்கள் துண்டு ஒட்ட ஏலாது. 5ஜி வீட்டு இன்டர்நெட் பெட்டி, சற்றலைட் இணைப்பு, சில கொண்டோக்களில் வாடகையோடு சேர்த்து வருகிற இணைப்பு, இவற்றில் இது சாதாரணம். ரூலை நூறு தரம் போட்டாலும் பலன் இல்லை.

ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு வகை. ஜேர்மனியில் கேபிள் இணைப்பு எடுத்தவர்கள் பலர் டிஎஸ்-லைட்டில் இருக்கிறார்கள். ஐபிவி6 மட்டும்தான் உண்மையான முகவரி, ஐபிவி4 கம்பெனியின் பொது நாட் வழியாகப் போகும். ஃப்ரிட்ஸ்பொக்ஸில் போர்ட்ஃப்ரைகாப பக்கம் இருக்கும், ஐபிவி4 ரூல் அதில் பிரயோசனப்படாது. ஐபிவி6 க்கு ஃபோர்வேர்ட் தேவையில்லை, ஃபயர்வோலில் அந்தக் கருவிக்கு ஒரு வாசல் திறந்தால் போதும். ஆனால் கேட்கிறவர் பக்கத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும். பிரான்சில் ஒரு பெரிய கம்பெனி இன்னும் விசித்திரம், ஒரு ஐபிவி4 முகவரியை நாலு வீட்டுக்குப் பங்கு போடுகிறது. 65,536 போர்ட்டை நாலால் பிரித்தால் ஒருவருக்கு 16,384. உங்கள் பங்கில் 443 இல்லை என்றால் அந்த இலக்கத்தில் ரூலே போட விடாது. காணிப் பங்கு மாதிரித்தான். கேட்டால் முழு முகவரி தருவார்கள்.

இனி, எல்லாம் வேலை செய்த பிறகு வருகிற பகுதி. எனக்கு இதுதான் முக்கியம்.

அன்று இரவு வயர்ஷார்க்கை நிறுத்தாமல் விடச் சொன்னேன். காலையில் பார்த்தால், மாமியும் சித்தப்பாவும் தவிர, ஒருவருக்கும் தெரியாத முகவரிகளில் இருந்து டசின் கணக்கில் தட்டியிருக்கிறார்கள். ஒன்று வேர்ட்பிரஸ் லொகின் பக்கத்தைத் தேடியிருக்கிறது, அந்த மெஷினில் வேர்ட்பிரஸே இல்லை. தங்கச்சி பயந்துபோனா. "எங்கட வீட்டை ஏன் அண்ணா தேடுறாங்கள்?" உங்கள் வீட்டை ஒருவரும் தேடவில்லை. எல்லா வீட்டையும் தட்டுகிறார்கள். 2013 இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இஸட்மேப் என்ற கருவி, ஒரு மெஷினில் இருந்து ஐபிவி4 இன்டர்நெட் முழுவதிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கும். திறந்திருக்கிற கதவுகளைத் தேடிப் பட்டியல் போடுகிற ஷோடான் 2009 இல் இருந்தே இருக்கிறது. போர்ட் இலக்கத்தை 8096 இல் இருந்து 48096 ஆக மாற்றினால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம்.

2016 இல் மிராய் என்ற மால்வேர், மாற்றாமல் விட்ட டிஃபோல்ட் பாஸ்வேர்ட்களைக் கொண்டே வீட்டுக் கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துப் படையாக்கியது. அந்த ஒக்டோபரில் டைன் என்ற டிஎன்எஸ் கம்பெனியைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறின. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்த கியூநாப் சேமிப்புப் பெட்டிகளுக்குள் நுழைந்து கோப்புகளைப் பூட்டி பிட்கொயின் கேட்டது. அதில் குடும்பப் படங்களும் பூட்டப்பட்டன. பிஸ்கட் டின்னுக்குள் இருந்த கசெட்டை யாரும் அப்படிப் பூட்டியிருக்க ஏலாது, யோசித்துப் பாருங்கள்.

இதை அப்பாவிடம் சொன்னபோது, "கள்ளன் வந்து எங்கட அம்மாவின்ர கதையைக் கேட்டு என்ன செய்யப்போறான்?" என்று சிரித்தாராம். கள்ளனுக்கு அது தேவையில்லைதான். ஆனால் 8096 இல் ஓடுவது பூட்டில்லாத எச்டிடிபி. மாமி அடிக்கிற பாஸ்வேர்ட் வழியெல்லாம் திறந்த தபாலட்டையாகத்தான் போகிறது. கம்பெனிக் கொம்பியூட்டர் வேண்டாம் என்று வீட்டில் வைத்ததே பெயர்கள் வெளியே போகக் கூடாது என்பதற்காக. பிறகு வாசலைத் திறந்து வைத்தால் என்ன அர்த்தம்?

இரண்டு வழி இருந்தது. முன்னால் காடி போன்ற ஒரு ரிவர்ஸ் பிரொக்ஸி வைத்து, சொந்த டொமைன் பெயரோடு 443 இல் மட்டும் திறப்பது. சேர்டிஃபிகேட்டை லெட்ஸ் என்கிரிப்ட்டில் இருந்து அதுவே இலவசமாக எடுத்துக்கொள்ளும். கேட்கிறவர்கள் ஒன்றும் இன்ஸ்டோல் செய்யத் தேவையில்லை, லிங்க் போதும். ஆனால் கதவு கதவுதான், ஜெலிஃபினை நேரத்துக்கு அப்டேட் பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றது, போர்ட்டையே மூடிவிட்டு டெயில்ஸ்கேல் போடுவது. 2019 இல் இங்கே ரொறன்ரோவில் தொடங்கின கம்பெனி, வயர்காட்டை அடிப்படையாக வைத்து ஓடுகிறது. இரண்டு பக்கமும் வெளியே போய்ச் சந்திப்பதால் ஃபோர்வேர்ட் தேவையில்லை, சிஜி-நாட்டுக்குப் பின்னாலும் வேலை செய்யும். கம்பெனி உங்கள் கருவிகளை அறிமுகப்படுத்தி வைக்கிறதே தவிர, குரல் முனைக்கு முனை பூட்டித்தான் போகிறது. குறை என்னவென்றால் ஒவ்வொருவர் ஃபோனிலும் அது இருக்க வேண்டும். ஒரு சின்ன எச்சரிக்கை: டெயில்ஸ்கேல் தருகிற முகவரிகளும் அதே 100.64 வரிசைதான். அதைப் பார்த்துவிட்டு "ஐயோ சிஜி-நாட்" என்று எனக்கு மெயில் போட வேண்டாம். பார்க்க வேண்டியது ரவுட்டரின் வான் ஐபியை.

என் கருத்து இது. கேட்கப்போவது மூன்று பேர் என்றால் போர்ட்டைத் திறக்கவே வேண்டாம். மைன்கிராஃப்ட்டில் யார் வருவார்கள் என்று தெரியாது என்றால் திறக்கலாம், ஆனால் முக்கியமான கோப்புகள் இல்லாத மெஷினில். கமராவையும் ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 ஐயும் ஒருநாளும் திறக்க வேண்டாம், அதற்கு விவாதமே இல்லை.

தங்கச்சி ரூலை அழித்துவிட்டா. பாரிஸிலும் ஒஸ்லோவிலும் மாமியின் மகனும் சித்தப்பாவும் தாங்களே டெயில்ஸ்கேல் போட்டார்கள். பெரியப்பாதான் கஷ்டம் என்று நினைத்தோம். அவருடைய பேரன் வீட்டு ஆண்ட்ராய்ட் டிவியிலேயே போட்டுக் கொடுத்துவிட்டான், ரிமோட்டில் ஒரு பட்டன் அமர்த்தினால் கசெட் பட்டியல் வரும். ஒரு மணித்தியாலக் கசெட் 128 கிலோபிட் எம்பி3 இல் 58 எம்பிக்குள் அடங்கிவிடும் என்பதால் ஊர் இன்டர்நெட்டுக்கும் அது பாரம் இல்லை. முழுத்தர ஃப்ளாக் கோப்புகள் அந்த மெஷினில் இல்லை, இரண்டு ஹார்ட் டிரைவில் இரண்டு வீட்டில் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் இன்றைக்கே பார்க்க வேண்டியது ஒன்று. ரவுட்டரில் யுபிஎன்பி என்று ஒரு இடம் இருக்கும். அது திறந்திருந்தால் வீட்டில் இருக்கிற எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலே போர்ட் திறந்துகொள்ளலாம். கேம் கொன்சோலுக்கு அது வசதி. ஆனால் பழைய கமராவும் அதே வசதியைப் பாவிக்கும். அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள், அடையாளம் தெரியாத வரி ஏதாவது இருந்தால் எந்தக் கருவி என்று கண்டுபிடித்துவிட்டு மூடுங்கள்.

சிஜி-நாட்டில் மாட்டியிருக்கிறவர்கள் கம்பெனிக்கு ஃபோன் எடுக்கும்போது "போர்ட் ஃபோர்வேர்ட் வேலை செய்யவில்லை" என்று தொடங்க வேண்டாம். ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லி அரை மணித்தியாலம் போகும். "என் வான் ஐபி 100.64 வரிசையில் இருக்கிறது, எனக்குப் பொது ஐபிவி4 முகவரி வேண்டும், அதற்கு மாதம் எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள். சிலர் இலவசமாக மாற்றிவிடுவார்கள், சிலர் மாதக் காசு கேட்பார்கள், சிலர் பிஸ்னஸ் பிளானுக்குத் தள்ளப் பார்ப்பார்கள். அது நிலையான முகவரியா, மாறுகிறதா என்றும் கேளுங்கள். மாறுகிறது என்றால் டைனமிக் டிஎன்எஸ் ஒன்று வைக்க வேண்டும், அநேகமான ரவுட்டர்களில் அதற்கு இடம் இருக்கும். கதைத்தவரின் பெயரையும் திகதியையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது வேறொருவர்தான் வருவார்.